மெட்டிஸ் பிள்ளைகள் யார் பொறுப்பு?

கனடாவின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 விழுக்காடு. வளர்ப்பு வீடுகளில் ஒப்படைக்கப்பட்டு வாழும் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்கள் 53.8 விழுக்காடு. மானிட்டோபா மாகாணத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அரசுப் பராமரிப்பில் இருக்கும் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பூர்வகுடிகள். இந்தப் பாதை எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு இன்னோர் எண் சாட்சி: 2016-17ஆம் ஆண்டில் சிறார் நீதித்துறையின் காவலுக்கோ கண்காணிப்புக்கோ உட்படுத்தப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினர் பூர்வகுடிகள். இளையோர் மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 8 விழுக்காடுதான்.

பூர்வகுடிகள் என்று கனடிய அரசியல் சட்டம் குறிப்பிடுவது மூன்று மக்களை. முதல் குடிகள், இனுயிட், மெட்டிஸ். முதல் இரண்டு பெயர்களும் வெளியுலகம் ஓரளவு கேட்டவை. மூன்றாமவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மென்மயிர்த் தோல் வணிகத்துக்காக மேற்கே போன பிரெஞ்சு, ஸ்காட்டிய ஆண்களுக்கும் க்ரீ, ஒஜிப்வே பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள், தமக்குள் மணந்து, தமக்கென மொழியும் இசையும் எருமை வேட்டைச் சட்டங்களும் உருவாக்கிக்கொண்டு, இன்றைய மானிட்டோபாவின் ரெட் ரிவர் ஆற்றங்கரையில் தனியொரு மக்களாகத் திரண்டவர்கள். 2021இல் தம்மை மெட்டிஸ் என்று பதிந்தோர் 6,24,220 பேர். வினைச்சொற்களை க்ரீயிலிருந்தும் பெயர்ச்சொற்களைப் பிரெஞ்சிலிருந்தும் எடுத்துக்கொண்ட அவர்களது மிச்சிஃப் மொழியை இன்று பேசத் தெரிந்தவர்கள் சில ஆயிரம் பேர்கூட இல்லை.

இந்த மக்களின் இளையோரில் யார் வழுக்கி விழுகிறார்கள், அவர்களைத் தாங்கிப் பிடிக்கச் சமூகம் என்னென்ன செய்திருக்கிறது, அவற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. ஐம்பது ஆண்டு முயற்சிகளை அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கட்டடமும் சம்பளப் பட்டியலும் தீர்மானிக்கும் உரிமையும் சமூகத்தின் கைக்கு வந்த இடங்களில் திட்டங்கள் வேரூன்றின. பொறுப்பு மட்டும் வந்து அதிகாரம் வராத இடங்களில், நல்ல மனிதர்கள் நடத்தியும்கூடத் தோற்றன.

பிள்ளைகளுக்கென்று எழுதிவைத்த நிலம்

1869-70இல் லூயி ரியேலின் தலைமையில் ரெட் ரிவர் மெட்டிஸ் மக்கள் எதிர்த்து நின்றதன் விளைவு 1870ஆம் ஆண்டு மானிட்டோபா சட்டம். அதன் 31ஆம் பிரிவு 14 லட்சம் ஏக்கர் நிலத்தை மெட்டிஸ் குடும்பத் தலைவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது. பெரியவர்களுக்கல்ல, பிள்ளைகளுக்கு. குடியேற்றக்காரர்களின் வெள்ளம் வருவதற்கு முன்னே அடுத்த தலைமுறைக்குக் காலூன்ற இடம் கொடுப்பது நோக்கம். பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்து, தவறாகக் கணக்கிட்டு, குலுக்கல் முறையில் கண்ட இடத்தில் பிரித்துக் கொடுத்து, அந்த நிலத்தின் பெரும்பகுதி ஊகவணிகர்கள் கைக்குப் போகும்படி விடப்பட்டது. 2013இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், மானிட்டோபா மெட்டிஸ் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், இந்த வாக்குறுதியை அரசு நாணயத்தோடும் விரைவோடும் நிறைவேற்றத் தவறியது என்று தீர்ப்பளித்தது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

1885இல் இன்றைய சஸ்காச்சுவானிலுள்ள பட்டோஷில் இரண்டாம் எதிர்ப்பும் நசுக்கப்பட்டு, அந்த நவம்பர் 16 அன்று ரியேல் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பின் மெட்டிஸ் குடும்பங்கள் பல, சாலை போடுவதற்கென்று அரசு விட்டுவைத்திருந்த புறம்போக்குக் கீற்றுகளில் குடிசை போட்டு வாழ்ந்தன. நிலவரி கட்டாதவர்கள் என்பதால் அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிகள் பல சேர்த்துக்கொள்ளவில்லை. மானிட்டோபாவின் சான்ட் மதலேன் கிராமம் 1930களின் இறுதியில் பொது மேய்ச்சல் நிலத்துக்காக அழிக்கப்பட்டது. வின்னிபெக்கின் விளிம்பில் இருந்த ரூஸ்டர் டவுன் 1960 வாக்கில் துடைக்கப்பட்டது. அல்பர்ட்டாவில் மட்டும் ஜிம் பிரேடி, மால்கம் நோரிஸ் போன்றோரின் போராட்டத்தால் 1938இல் ஒரு சட்டம் வந்து, இன்றும் எட்டு மெட்டிஸ் குடியிருப்புகள் சொந்த நிலத்தோடு நிற்கின்றன. மற்ற எல்லா இடத்திலும் இந்த மக்கள் நிலமில்லாதவர்கள். முதல் குடிகளுக்கு இருப்பது போன்ற ஒதுக்கீட்டு நிலம் இவர்களுக்கு இல்லை. ஒரு மெட்டிஸ் இளைஞனுக்கு உதவி தேவைப்படும்போது, அவனைத் திரும்பக் கூட்டிப்போக ஓர் ஊர் பல நேரம் இருப்பதில்லை. எந்தத் திட்டத்தையும் மதிப்பிடுவதற்கு முன் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளைத் தேடிப் புறப்பட்ட பெண்கள்

1960கள் முதல் 1980கள் வரை கனடா முழுவதும் பூர்வகுடிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் எடுத்துச் செல்லப்பட்டு வெள்ளைக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். சிலர் எல்லை கடந்து அமெரிக்காவுக்கும் போனார்கள். சஸ்காச்சுவான் மாகாணம் 1967இல் இதற்கெனவே ஒரு தத்தெடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரமாகக் காட்டியது. அன்பான வீடு தேடும் சிரித்த முகங்கள். அந்த முகங்களின் தாய்மார் சிலர் அதே நகரத்தில் இருந்தார்கள்.

1971இல் சஸ்கட்டூனைச் சேர்ந்த மெட்டிஸ் பெண்கள் சிலர், பின்னாளில் மெட்டிஸ் மக்களின் மதிப்புக்குரிய மூத்தவராக அறியப்பட்ட நோரா கம்மிங்ஸ் உட்பட, ஒரு வளர்ப்பு வீட்டுக் குழுவை அமைத்தார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது: எங்கள் பிள்ளைகளுக்கு வீடு வேண்டுமானால் மெட்டிஸ் வீடுகளைத் தேடுங்கள், அந்த வீடுகளைத் தேர்வுசெய்து நடத்தும் பொறுப்பை எங்களிடம் கொடுங்கள், விளம்பரங்களை நிறுத்துங்கள். மாகாணம் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. மெட்டிஸ் வரலாற்றாசிரியர் அலிசன் ஸ்டீவன்சன் 2020இல் வெளியிட்ட ஆய்வுநூல் இந்தப் பெண்களின் போராட்டத்தை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்திருக்கிறது. இந்தத் துறையில் பின்னால் வந்த கோரிக்கைகள் எல்லாமே அந்தப் பெண்கள் கேட்டதில் அடங்கியிருந்தன. அன்றைக்கே காது கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தம் பாட்டிமாரின் சமையல் வாசத்தில் வளர்ந்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கேட்காததன் விலை ஒரு சிறுவனின் பெயரால் கனடாவில் நினைவுகூரப்படுகிறது. அல்பர்ட்டாவின் ஃபோர்ட் சிப்பவியானில் பிறந்த ரிச்சர்ட் கார்டினல் நான்கு வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டான். 28 வீடுகளுக்கும் இல்லங்களுக்கும் மாற்றப்பட்டான். உடன்பிறந்தோரிடமிருந்தும் பிரித்து வைக்கப்பட்டான். 1984இல், 17 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் எழுதிவைத்த நாட்குறிப்பைக் கொண்டு அபெனாகி முதல் குடியைச் சேர்ந்த இயக்குநர் அலானிஸ் ஒபோம்சாவின் 1986இல் எடுத்த ஆவணப்படம் அல்பர்ட்டாவின் குழந்தைநலத் துறையை நாடு முழுவதும் கேள்விக்கு உள்ளாக்கியது. அந்தப் பிள்ளையிடம் குறை எதுவும் இருக்கவில்லை. அவனுக்கு ஆபத்தை விளைவித்தது அவனைக் காப்பாற்றுவதற்கென்றே இயங்கிய அமைப்பு. 1985இல் மானிட்டோபாவில் நீதிபதி எட்வின் கிமெல்மன், பூர்வகுடிப் பிள்ளைகளை மொத்தமாக வெளியே அனுப்பிய அந்தக் காலத்து நடைமுறையைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே தம் அறிக்கையில் எழுதினார்.

பொறுப்பு வந்தது, அதிகாரம் வரவில்லை

மானிட்டோபாவில் 1991இல் வெளியான பூர்வகுடி நீதி விசாரணை அறிக்கை, மெட்டிஸ் பிள்ளைகளுக்கென்று தனிக் குழந்தைநல அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003இல் நடைமுறைக்கு வந்த மாகாணச் சட்டம் நான்கு குழந்தைநல ஆணையங்களை உருவாக்கியது. அதில் ஒன்று மெட்டிஸ் ஆணையம். மெட்டிஸ் மக்கள் தாமே நடத்தும் குழந்தைநல அமைப்பு இவ்வளவு பெரிய அளவில் சட்டப்படி அமைந்தது பெரிய சாதனை என்று அப்போது கொண்டாடப்பட்டது. அது சாதனைதான்.

ஆனால் அதன்பின் மாகாணத்தில் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஏறிக்கொண்டே போய் 2017 வாக்கில் பதினோராயிரத்தை நெருங்கியது. இதைக் காட்டி, பூர்வகுடிகளிடம் கொடுத்தாலும் இதே கதிதான் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் பணம் எப்படி வந்தது என்று பார்க்கவில்லை. எத்தனை பிள்ளைகள் பராமரிப்பில் இருக்கிறார்களோ அதற்கேற்ப நிதி என்பதே நெடுங்காலம் விதி. ஒரு குடும்பத்தைப் பிரியாமல் காத்தால் அந்த உழைப்புக்குப் பணம் இல்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டால் உண்டு. எந்தப் பிள்ளையை எப்போது எடுக்கலாம் என்பதை வரையறுத்த சட்டமும் மாகாணச் சட்டமாகவே இருந்தது. ஆக, அடுத்தவர் எழுதிய சட்டத்தை அடுத்தவர் வகுத்த நிதிமுறையில் நிறைவேற்றும் வேலைதான் மெட்டிஸ் கைக்கு வந்தது. 2019 வாக்கில் மாகாணம் மொத்த நிதியாக ஒரே தொகை தரும் முறைக்கு மாறியது. அடுத்த ஆண்டு ஜூலை முதல், பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றித் தாய்க்குத் தெரியாமல் மருத்துவமனைக்கு முன்னெச்சரிக்கை அனுப்பும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. எண்ணிக்கை மெல்ல இறங்கத் தொடங்கியது.

வீடு, பள்ளி, வேலை

சஸ்காச்சுவானின் வடமேற்கில் ஏரிக்கரையில் இருக்கிறது ஈல்-ஆ-லா-க்ராஸ். 1776இல் வணிக நிலையமாகத் தொடங்கிய ஊர். அந்த மாகாணத்தின் மிகப் பழைய மெட்டிஸ் ஊர்களில் ஒன்று. அங்கே கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய விடுதிப் பள்ளியில் பல தலைமுறைப் பிள்ளைகள் அடியும் அவமானமும் பட்டார்கள். கூட்டாட்சி அரசு நடத்திய பள்ளி அல்ல என்ற காரணத்தால், 2006ஆம் ஆண்டின் விடுதிப் பள்ளி இழப்பீட்டு உடன்பாட்டில் அந்தப் பள்ளி சேர்க்கப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில் பெற்றோர் திரண்டு பள்ளியின் நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்தார்கள். தனிப் பள்ளிக் கோட்டமே உருவானது. மிச்சிஃப் வகுப்பறைக்குள் வந்தது. வலை வீசுவதும் பொறி வைப்பதும் பாடமாகின. பின்னாளில் அந்த ஊரில் மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் காப்பகம், உயர்நிலைப் பள்ளி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. பதினாறு வயதில் தாயான பெண் படிப்பை விடாமலிருக்க, காப்பகம் வகுப்பறைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். பாட்டியைப் பார்க்க மாணவன் ஒரு தாழ்வாரத்தைக் கடந்தால் போதும். வழிதவறும் இளையோருக்கான திட்டம் என்ற பெயர்ப்பலகை அங்கே தேவைப்படவில்லை. ஊரின் அன்றாட வாழ்க்கையே அந்த வேலையைச் செய்யும்படி கட்டடம் அமைந்தது.

பள்ளியைக் கையில் எடுத்தால் போதாது, கற்பிக்க ஆளும் வேண்டும். 1980இல் சஸ்காச்சுவானில் மெட்டிஸ் மக்கள் நிறுவிய காப்ரியேல் டுமோன் நிறுவனம் அதே ஆண்டில் ஓர் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தையும் தொடங்கியது. சஸ்கட்டூன், ரெஜைனா, பிரின்ஸ் ஆல்பர்ட் நகரங்களில் நடக்கும் இத்திட்டத்தில் இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆசிரியர்களாகியிருக்கிறார்கள். நான் பார்த்தவரை, மெட்டிஸ் இளையோருக்கென்று கனடாவில் நடந்த முயற்சிகளில் மிக நீண்ட பலனைத் தந்தது இதுதான். இதை யாரும் இளையோர் பாதுகாப்புத் திட்டம் என்ற தலைப்பின் கீழ் வைப்பதில்லை. ஆனால் வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பையனின் அத்தையை, மாமாவை, ஊரை அறிந்த ஓர் ஆசிரியை, அவன் மூன்று நாள் வரவில்லை என்றால் யாரிடம் கேட்பது என்று தெரிந்தவள். குழந்தைநல அதிகாரியைக் கூப்பிடுவதற்கு முன் அவள் கூப்பிட இன்னொரு தொலைபேசி எண் இருக்கிறது.

நகரங்களில் சிக்கல் வேறு விதம். சஸ்கட்டூனில் 1993 முதல் இயங்கும் மத்திய நகர்ப்புற மெட்டிஸ் கூட்டமைப்பு, வீட்டிலிருந்து தொடங்கியது. பிள்ளைகளை இழக்கும் நிலையிலுள்ள தாய்மாரும், இழந்த பிள்ளைகளைத் திரும்பப் பெறப் போராடும் தாய்மாரும் பிள்ளைகளோடு தங்கும் அடுக்ககங்களை அது நடத்துகிறது. பிள்ளையை எடுத்துவிட்டுத் தாயைத் திருத்தச் சொல்வது வழக்கமான முறை. இங்கே தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்க, உதவியாளர் அந்த வீட்டுக்கு வருகிறார். வாடகை கட்ட முடியாமல், நெரிசலில், பாதுகாப்பற்ற அறைகளில் இருப்பதைக் காரணமாகக் காட்டி எடுக்கப்படும் பிள்ளைகள் எத்தனையோ. அவர்களுக்குத் தேவைப்பட்டது கதவும் பூட்டும் உள்ள வீடு. வளர்ப்புப் பெற்றோருக்கு மாதாமாதம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தாயின் வாடகைக்குக் கொடுத்தால் என்ன என்று அங்குள்ளவர்கள் கேட்பதில் மிகை எதுவும் இல்லை.

குற்றக் கும்பல்களுக்குள் ஏற்கனவே போய்விட்டவர்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. சஸ்கட்டூன் சிறையில் ஆன்மிகப் பணி செய்துவந்த ஆந்த்ரே புவாலியேவ்ர் என்ற கத்தோலிக்கக் குருவிடம், 1990களின் பிற்பகுதியில், கும்பலைவிட்டு வெளியேற விரும்பிய இளைஞர் இருவர் உதவி கேட்டார்கள். அதிலிருந்து உருவானது ஸ்ட்ரெய்ட் அப் என்ற அமைப்பு. வருபவர்களில் பெரும்பாலோர் முதல் குடியினரும் மெட்டிஸ்களும். சேர்பவர்கள் ஏற்கும் உறுதிகள் ஐந்து: கும்பலின் அடையாள நிறத்தைக் கைவிடுவது, போதையிலிருந்து மீள முயல்வது, உண்மை பேசுவது, பணிவு, மாறுவதற்குத் தனக்கு நான்கு ஆண்டு கொடுப்பது. அந்த ஐந்தாவதைக் கவனிக்க வேண்டும். நான்கு ஆண்டு. இந்த அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நிதி வருவதோ ஓராண்டுக்கு, நன்றாகப் போனால் மூன்றாண்டுக்கு. மார்ச் மாதக் கடைசியில் நிதியாண்டு முடியும்போது, ஓர் இளைஞன் முதல்முறையாக நம்பிப் பேசத் தொடங்கிய பணியாளருக்கு வேலை போய்விடும். மீண்டும் ஒருமுறை ஒரு பெரியவர் தன்னைக் கைவிட்டார் என்பதே அவன் கற்றுக்கொள்ளும் பாடம்.

வின்னிபெக்கின் வடக்குப் பகுதியில் லாரி மொரிசெட் தொடக்கத்திலிருந்து தோள் கொடுத்த ஓர் அமைப்பு, சிறையிலிருந்து வந்தவர்களுக்குப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை கொடுத்தது. பில்ட் என்ற சமூகத் தொழில் நிறுவனம் 2006 முதல் அதே நகரத்தில் வீடுகளுக்கு வெப்பக்காப்புப் போடும் வேலையைப் பயிற்சியாகவும் கூலியாகவும் சேர்த்துத் தருகிறது. மொரிசெட்டும் மூன்று ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட நூல் கும்பல் உறுப்பினர்களையே பேசவைத்தது. அவர்கள் சொன்னதன் சாரம் கடினமானதன்று: அவர்கள் கண்முன் இருந்த ஒரே வேலைவாய்ப்பு கும்பல்தான். ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, காலையில் எழுப்ப ஓர் ஆள் இவற்றை முதலில் சரிசெய்யாத எந்தப் பயிற்சியும் இவர்களிடம் நிற்கவில்லை.

பிடில் ஒலிக்கும் வகுப்பறை

பண்பாட்டுத் திட்டங்களைப் பற்றி இரண்டு மனத்தோடு பேச வேண்டியிருக்கிறது. மெட்டிஸ் வாழ்வின் நடுவில் பிடிலும் ரெட் ரிவர் ஜிக் நடனமும் இருக்கின்றன. மானிட்டோபாவின் வடக்கே ஷெரிடன் என்ற சிற்றூர்ப் பள்ளியில் 1990களில் ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பிடில் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அது ஃப்ரான்டியர் பள்ளிக் கோட்டம் முழுவதும் பரவி, தூரத்து ஊர்களின் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடி வாசிக்கும் இயக்கமாகியது. இருநூறு பேர் மட்டுமே வாழும் ஊரின் பிள்ளை, முந்நூறு பிள்ளைகள் ஒரே இசையை ஒரே வில்வீச்சில் வாசிக்கும் மேடையில் நிற்பது சின்ன விஷயமில்லை. ரீடி கிரீக் ஊரில் வறுமையில் வளர்ந்து, போதையிலிருந்து மீண்டு, கர்லிங் விளையாட்டுக் காலணி செய்து தொழிலதிபரான ஆர்னல்ட் ஆஷம், 2002இல் ஆஷம் ஸ்டாம்பர்ஸ் என்ற நடனக் குழுவைத் தொடங்கினார். இளையோரைப் போதையிலிருந்து விலக்கி வைப்பது அதன் வெளிப்படையான நோக்கம். அரசு நிதிக் கோரிக்கைப் படிவத்தில் தொடங்காமல், ஒரு மனிதரின் வாழ்விலிருந்து தொடங்கிய தலைமை அது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசுகளுக்குப் பண்பாட்டுத் திட்டங்கள் பிடிக்கும். மலிவு, படம் நன்றாக வரும், யாரையும் குற்றம் சாட்டாது. வண்ண இடைக்கச்சை கட்டி ஆடும் பிள்ளைகளின் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகள் இரவில் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்காமல் இருந்துவிடலாம். நடனம் வீட்டுக்கு மாற்றாகாது. வீட்டோடு சேர்ந்தால் அதன் வலிமையே வேறு.

பண்பாட்டுக்கும் உயிர் பிழைப்பதற்கும் உள்ள உறவைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டபர் லலோன்ட் இருவரும் 1998இல் வெளியிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் இருநூறுக்குச் சற்றுக் குறைவான முதல் குடிச் சமூகங்களில் 1987 முதல் 1992 வரை இளையோர் தற்கொலைகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் ஒன்றுகூட நிகழவில்லை. தன்னாட்சி, நில உரிமைப் போராட்டம், பள்ளி, நலவாழ்வு, பண்பாட்டுக் கூடம், காவல்-தீயணைப்பு என்ற ஆறும் கைவசம் இருந்த சமூகங்களில் எதுவுமே இல்லை. இது முதல் குடிகளைப் பற்றியது; மெட்டிஸ்களுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் அந்த ஆறில் ஐந்து, நிர்வாக அதிகாரத்தைப் பற்றியவை என்பது பெரும்பாலும் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. பண்பாடு காக்கும் என்று மட்டும் அந்த ஆய்விலிருந்து எடுத்துச்சொல்வோர், அதில் அதிகாரம் இருக்கும் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளி மாணவரிடையே நடக்கும் நலவாழ்வுக் கணக்கெடுப்பிலிருந்து, அந்த மாகாணத்தின் மெட்டிஸ் அமைப்பும் மெக்ரீரி ஆய்வு மையமும் சேர்ந்து மெட்டிஸ் இளையோருக்கென்று தனி அறிக்கைகள் வெளியிட்டிருக்கின்றன. தம் சமூகத்தோடும், நம்பத்தக்க ஒரு பெரியவரோடும் தொடர்புள்ள பிள்ளைகள் மனநலத்தில் மேம்பட்டிருப்பது அவற்றில் தெரிகிறது. இப்படிப்பட்ட தனித் தரவு மற்ற இடங்களில் கிடைப்பது அரிது. முதல் குடிகளுக்குக் கூட்டாட்சிப் பதிவேடு உண்டு. மெட்டிஸ்களுக்கு அப்படி ஒன்று இல்லாததால், மருத்துவமனைக் கணக்கிலும் நீதிமன்றக் கணக்கிலும் அவர்கள் பொதுவெள்ளத்தில் கரைந்துவிடுகிறார்கள். எண்ணப்படாதவர்களுக்கு நிதி கேட்பது கடினம்.

இரண்டு அரசுகளுக்கு நடுவே

இந்தப் பிள்ளைகள் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளாகக் கூட்டாட்சி, மாகாணம் என்ற இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டின. 2016இல் டேனியல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மெட்டிஸ் மக்களும் கூட்டாட்சி அரசின் சட்டமியற்றும் அதிகார எல்லைக்குள் வருபவர்களே என்று தீர்த்தது. தீர்ப்பு வந்தபின்னும் இடைவெளிகள் மூடவில்லை. அரசுகளுக்குள் யார் செலவழிப்பது என்ற தகராறில் பிள்ளையின் சிகிச்சை தாமதிக்கக் கூடாது என்னும் ஜோர்டன் கோட்பாடு முதல் குடிப் பிள்ளைகளுக்கு மட்டும். 2018இல் ஒப்புதல் பெற்ற, பிள்ளைகளைப் பறித்ததற்கான இழப்பீட்டு உடன்பாட்டில் மெட்டிஸ்கள் இல்லை. பறித்தபோது வேறுபாடு பார்க்கவில்லை; ஈடு கொடுக்கும்போது பார்த்தார்கள்.

தலைமையின் பக்கத்திலும் காயங்கள் உண்டு. 1983இல் உருவான மெட்டிஸ் தேசியப் பேரவையிலிருந்து மானிட்டோபா கூட்டமைப்பு 2021இல் வெளியேறியது. ஒன்டாரியோ மெட்டிஸ் அமைப்பு யாரை மெட்டிஸ் என்று சேர்த்துக்கொள்கிறது என்பது அதன் மையச் சர்ச்சை. 2024இல் சஸ்காச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா மெட்டிஸ் அமைப்புகளும் விலகின. அடையாளத்தைப் பொய்யாகக் கோருவோரிடமிருந்து தம் மக்களைக் காக்கும் நோக்கம் புரிகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வளர்ப்பு வீடுகளில் வளர்ந்து, தான் யார் என்றே இருபது வயதில் தேடத் தொடங்கும் இளைஞனிடம் வம்சாவளி ஆவணம் கேட்கும்போது, அந்த ஆவணத்தை அவனிடமிருந்து பறித்தது எது என்பதையும் நினைவில் வைக்கும் ஏற்பாடு தேவை. தத்துப் போனவர்களின் வேரைத் தேடித் தருவதையே ஓர் இளையோர் சேவையாக அமைப்புகள் நடத்த வேண்டும்.

டொரொன்டோத் தமிழருக்கு இந்தக் கதையின் ஒரு பகுதி அந்நியமாக இருக்காது. 1990களின் இறுதியில் தமிழ் இளைஞர் குழுச் சண்டைகளில் உயிர்கள் போனபோது, காவல்துறையை மட்டும் நம்பியிராமல், தமிழ் இளையோரே சேர்ந்து ஒரு கனடியத் தமிழ் இளையோர் மேம்பாட்டு மையத்தை அமைத்தார்கள். சொந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தச் சமூகமே நின்ற அனுபவம் அது. வேறுபாடும் பெரிது: அகதியாய் வந்தவர்கள் புதிய நாட்டில் கட்டியதை, மெட்டிஸ்கள் தம் சொந்த நாட்டிலேயே பறிகொடுத்தபின் கட்ட வேண்டியிருக்கிறது.

2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், முதல் குடி, இனுயிட், மெட்டிஸ் மக்கள் தம் பிள்ளைகள் பற்றித் தாமே சட்டமியற்றலாம் என்று ஏற்கிறது. வறுமை, வீடின்மை இவற்றை மட்டுமே காரணமாகக் காட்டிப் பிள்ளையை எடுக்கக் கூடாது என்கிறது. எடுக்க நேர்ந்தால் முதலில் பெற்றோரில் ஒருவர், அடுத்து உறவினர், அடுத்து அதே சமூகம் என்று வரிசை வகுக்கிறது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் என்று உறுதிசெய்தது. சஸ்கட்டூன் பெண்கள் 1971இல் கேட்டது அரை நூற்றாண்டு கழித்துச் சட்டமாகியிருக்கிறது. ஆனால் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்று அரசைக் கட்டும் பிரிவு அதில் இல்லை. ஒவ்வொரு மக்களும் கூட்டாட்சியோடும் மாகாணத்தோடும் தனித்தனியே உட்கார்ந்து பேசி நிதியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதல் ஒப்பந்தம் 2021 ஜூலையில் சஸ்காச்சுவானின் கவஸெஸ் முதல் குடியோடு கையெழுத்தானது. இரண்டு ஆண்டுக்கு 3.87 கோடி டாலர். ஒதுக்கீட்டு நிலமும் உறுப்பினர் பட்டியலும் கொண்ட ஒரு சமூகத்துக்கு அது. ஒரு மாகாணம் முழுக்கச் சிதறி வாழும் மெட்டிஸ் மக்களுக்கு அதே பேச்சுவார்த்தை பல மடங்கு சிக்கலானது.

வயது இதற்காகக் காத்திருப்பதில்லை. பல மாகாணங்களில் 18 அல்லது 19 வயதில் பராமரிப்பு முடிகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா 2022இல் 27 வயது வரை உதவியை நீட்டித்தது போல மற்றவையும் நீட்டித்தால் ஒரு தலைமுறைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அதற்குக் கூட்டாட்சி ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை; மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று வின்னிபெக்கின் ஒரு வளர்ப்பு வீட்டில் பத்து வயதாயிருந்த மெட்டிஸ் சிறுமி 2028 தொடங்கும்போது பதினெட்டை எட்டியிருப்பாள்.